இருபத்திரண்டாம் பக்கம் எங்கே போச்சு?

போன மாதம் எங்க வகுப்பில் எல்லார் கையிலும் நூல் போட்டுத் தைத்த ஒரு குட்டிப் புத்தகம் இருந்ததே, அறிவியல் வினா விடை, அது எந்தக் கடையில் வாங்கியது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூடக் கேட்டார்கள். கடையில் வாங்கியது இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சார் தட்டச்சு செய்து கொடுத்தது மொத்தம் 22 பக்கம். ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். அப்போ ஒரு ஆளுக்கு 44 ரூபாய். வகுப்பில் 34 பேர். பெயர் கொடுத்தது 23 பேர்தான். மற்றவர்கள், "எனக்கு வேண்டாம், நான் பார்த்து எழுதிக்கிடுவேன்" என்றார்கள். 22 பக்கத்தை யாராவது பார்த்து எழுதுவாங்களா? அவங்க சொன்ன வேண்டாமுக்கு என்ன அர்த்தம் என்று நம்ம எல்லாருக்கும் தெரியும். என் பக்கத்தில் உட்காருகிறவளும் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

என் பெரியம்மா மகன் பாலிடெக்னிக் படித்த அண்ணன். பன்னிரண்டாவது படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை இன்னும் வைத்திருக்கிறான். கரண்ட் இருந்தால்தான் ஓடும், பேட்டரி செத்துப்போச்சு. அதில் பைத்தான் மொழியில் அவனே ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தான். ஒரு ஏ4 தாளில் முன்பக்கம் ரெண்டு, பின்பக்கம் ரெண்டு, ஆக நாலு பக்கம் அச்சாகும். தாள்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து நடுவில் மடித்தால் புத்தகம். 22 பக்கத்துக்கு 6 தாள் போதும். ஒரு தாளுக்கு முன்னும் பின்னும் 4 ரூபாய் என்றால் 24 ரூபாய்தான்.

பிரிண்டரிலேயே ரெண்டு பக்கம் போடுகிற வசதி இருக்கே என்று கேட்பீர்கள். இருக்கு. ஆனால் அது 1, 2, 3, 4 என்று வரிசையாகப் போடும். மடித்தால் புத்தகம் ஆகாது. புத்தகத்துக்கு முதல் தாளில் 24-ம் 1-ம் பக்கத்தில் பக்கத்தில் வரணும், அதன் பின்னால் 2-ம் 23-ம். நான் 6 வெற்றுத் தாளை மடித்து பென்சிலால் 1 முதல் 24 வரை எண் போட்டு, பிரித்துப் பார்த்தேன். எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் ரெண்டு எண்ணையும் கூட்டினால் 25 வருகிறது! நடுத்தாளில் 12-ம் 13-ம். நீங்களும் மடித்துப் பாருங்கள், நல்லா இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் கடையில் ஒரு பிரதி மட்டும் அடித்துக்கொண்டு வந்தான். பார்த்தால் 5 தாள்தான் இருக்கு. 21, 22-ம் பக்கங்களைக் காணோம். அந்த ரெண்டில்தான் நெடுவினா விடைகள் இருந்தன. புரோகிராமில் இப்படி வருகிற தப்புக்கு பக் என்று பெயர், பூச்சி என்று அர்த்தம். (அண்ணன் லேப்டாப்புக்குள் நிஜ எறும்பும் இருக்கு, அது வேற கதை.)

காரணம் சாதாரண வகுத்தல்தான். 22-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 2. புரோகிராம் ஈவை எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டது. அண்ணன் அவன் நோட்ஸை அடித்தபோதெல்லாம் 16 பக்கம், 20 பக்கம் என்றே இருந்ததால் அவனுக்குத் தெரியாமலே இருந்திருக்கு. "மீதி 2 என்றால் 4-ல் 2 போக 2 வெற்றுப் பக்கம் சேர்த்துடு" என்று மாற்றினான். 22 பக்கம் சரியாகிவிட்டது. ஆனால் அவனுடைய பழைய 20 பக்கத்தைப் போட்டால் இப்போ ஒரு முழுத் தாள் சும்மா வருது! 20-க்கு மீதி 0. 4-ல் 0 போனால் 4. தேவையே இல்லாத 4 வெற்றுப் பக்கம். கடைசியில், வந்த விடையை மறுபடி 4-ஆல் வகுத்து மீதி எடுக்கச் சொன்னோம். 4-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 0, 2-ஐ வகுத்தால் மீதி 2. ரெண்டும் சரியாகிவிட்டது. இந்த மாதிரி வேலைக்கு 1990-களிலேயே ஆங்கஸ் டக்கன் என்பவர் பி.எஸ்.யுட்டில்ஸ் என்று சில புரோகிராம்கள் எழுதியிருக்கிறார். அதில் பி.எஸ்.புக் என்பதும் பக்கம் குறைந்தால் வெற்றுப் பக்கம் சேர்த்து 4-ன் மடங்காக்கும் என்று அண்ணன் காட்டினான்.

பின்பக்கம் தலைகீழாக வந்தது இன்னொரு தொல்லை. தாளை நீளப் பக்கமாகத் திருப்பிப் போடுவதா, குட்டைப் பக்கமாகத் திருப்பிப் போடுவதா என்பதுதான் அது. முதலிலேயே அதைக் கேட்கிற மாதிரி ஒரு வரி சேர்த்தான். முடிந்தது.

ரெண்டு நாள் தூங்க விடாதது மடிப்புதான். தாளைச் சரிபாதியாக மடித்தால் மடிப்பு ரெண்டு பக்கத்துக்கும் நடுவில் விழணும். எங்களுக்கோ வலதுபக்கத்து எழுத்து மேலேயே விழுந்தது. அங்கேதான் ஊசி குத்தித் தைக்கணும், எழுத்தைப் படிக்கவே முடியாது. அண்ணன் திரையில் பார்த்தால் ஒழுங்காத்தான் தெரியுது. "கடைக்காரர் தாளைக் கோணலா வச்சிருப்பார்" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அஞ்சு தாளிலும் ஒரே மாதிரி எப்படிக் கோணும்?

அடிஸ்கேலை எடுத்து இடது ஓரத்திலிருந்து ரெண்டு பக்கத்துக்கும் நடு வரைக்கும் அளந்தேன். ஏறக்குறைய 14 சென்டிமீட்டர். ஏ4 நீளம் 29.7, பாதி 14.85 வரணுமே. ஸ்கேலைத் திருப்பி அங்குலப் பக்கத்தால் அளந்தேன். ஐந்தரை! கோட்டின் மேலேயே நின்றது.

"அண்ணே, ஐந்தரை அங்குலம்."

"ஐந்தரையா? அப்போ முழுசு பதினொண்ணு. ஏ பாப்பா, அது லெட்டர் சைஸு!"

அமெரிக்காவில் சாதாரணமாகப் பயன்படுத்துகிற லெட்டர் தாள் எட்டரைக்குப் பதினொரு அங்குலம். 11 அங்குலம் என்றால் 279.4 மில்லிமீட்டர். நம்ம தாளைவிட 17.6 குறைவு, அதில் பாதி 8.8. அந்த 8.8 மில்லிமீட்டர்தான் எங்கள் மடிப்பு நகர்ந்த தூரம். புரோகிராமுக்குள் தாள் அளவு லெட்டர் என்றே இருந்தது. எங்கிருந்தோ எடுத்துப் போட்ட வரியாம். ஒரே ஒரு வரியை மாற்றினான்.

ஏ4 தாளில் ஒரு அழகு இருக்கு. 297-ஐ 210-ஆல் வகுத்தால் 1.414, நம்ம கணக்குப் புத்தகத்தில் வருகிற √2. அதனால்தான் பாதியாக வெட்டினாலும் அதே வடிவம் வருகிறது. ஜெர்மனியில் 1922-ல் இந்த அளவைத் தரப்படுத்தினார்கள். லெட்டர் தாளை வெட்டினால் அப்படி வராது. √2-ஆல் வகுத்தால்தான் எழுத்தும் சிறுக்கிறது, 12 அளவு எட்டரை ஆகிவிடும். சார் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை நான் பெருசாவே அடிக்கிறேன்மா" என்றார்.

24 ரூபாய் என்றதும் இன்னும் 9 பேர் பெயர் கொடுத்தார்கள். ரெண்டு பேருக்கு சார் போட்டார். யார் என்று எழுத மாட்டேன். மொத்தம் 204 தாள். ஸ்டேப்ளர் நடுவரை எட்டாது என்பதால் மதிய இடைவேளையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஊசி நூலால் தைத்தோம். பின்னட்டையாக வந்த 24-ம் பக்கம் வெற்றாக இருந்ததால் ஆளுக்கு ஆள் அதில் பூ வரைந்து பெயர் எழுதிக்கொண்டார்கள். என் பக்கத்தில் உட்காருகிறவள் மயில் வரைந்திருக்கிறாள், கேட்டால் காட்டுவாள்.

ஒரு பக் இன்னும் பாக்கி இருக்கு. தாள் அதிகமானால் மடிக்கும்போது உள்ளே இருக்கிற தாள் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. 6 தாளுக்குத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பு அக்காமார் 80 பக்கம் கேட்டிருக்கிறார்கள், அதற்கு 20 தாள். உள்தாளில் எழுத்தை எவ்வளவு நகர்த்தணும் என்று தாளின் தடிமனை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் பக்கம் மூன்றாவது பெஞ்சில் வந்து சொல்லவும்.