இஸ்தான்புல் சமையலறையில் நாற்பது நாள்

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நம் வழக்கம். என் மகள் விஷயத்தில் தாய்தான் பெட்டி கட்டிக்கொண்டு மகளைத் தேடிப் போகும்படி ஆயிற்று. மாப்பிள்ளைக்குத் துருக்கியில், இஸ்தான்புல் நகரத்தில் வேலை. மாதம் ஏறிவிட்டதால் விமானப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 2022 டிசம்பர் கடைசியில் சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியம், மணத்தக்காளி வற்றல் சகிதம் நான் போய் இறங்கினேன்.

இஸ்தான்புல்லின் நடுவே பாஸ்பரஸ் ஜலசந்தி ஓடுகிறது. ஒரு கரை ஐரோப்பா, மறு கரை ஆசியா. மகள் வீடு ஆசியக் கரையில் கடிக்கோய் என்ற பகுதியில். காலையில் நீராவிக் கப்பல் போலத் தெரியும் படகில் ஏறினால், ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் ஐரோப்பா வந்துவிடும்! டீ டம்ளர் இடுப்பு சிறுத்துச் சின்னதாக இருக்கும். பால் கிடையாது. முதல் நாள் முகம் சுளித்தேன். பத்தாம் நாள் நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

2023 ஜனவரி முதல் வாரத்தில் பேத்தி பிறந்தாள். வீட்டுக்கு வந்ததும் என் பத்திய ராஜ்யம் ஆரம்பமாயிற்று. குழைந்த சாதம், பூண்டு ரசம், லேகியம், அவ்வளவுதான். தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று என் மாமியார் எனக்குச் சொன்னதையே நானும் சொல்லி, மகளுக்கு அளந்து அளந்து கொடுத்தேன். நான்காம் நாள் அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். "அம்மா, வாசனையே குமட்டுதும்மா. என்னை விட்டுடேன்" என்று அழுதாள். பால் போதாமல் குழந்தையும் அழுதது. இரண்டு பேரும் அழ, நான் சமையலறையில் நின்று ரகசியமாக அழுதேன்.

அன்று மாலை எதிர்வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். அறுபது வயதிருக்கும். மகள் அவரைத் 'தெய்ஸே' என்று கூப்பிடுவாள். துருக்கி மொழியில் அதற்கு அம்மாவின் சகோதரி என்று அர்த்தம். அப்பாவின் சகோதரிக்கு வேறு சொல், 'ஹலா'. நம்மைப் போலவே உறவைப் பிரித்துச் சொல்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. அம்மாவுக்கு அவர்கள் சொல்லும் சொல் என்ன தெரியுமோ? 'அன்னே'!

தெய்ஸே ஒரு கையில் சிவப்பு சர்பத்தும் மறு கையில் மூடி போட்ட பாத்திரமும் வைத்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்கும் பார்க்க வருகிறவர்களுக்கும் கொடுக்கும் சர்பத் அது. சிவப்புச் சர்க்கரைக் கட்டியைப் பட்டை, கிராம்புடன் கொதிக்கவைத்துச் செய்வார்கள். பாத்திரத்தில் பருப்பு சூப். மேலே வெண்ணெயில் பொரிந்த புதினா மணத்தது. மகள் ஒரு கிண்ணம் குடித்தாள். இன்னொரு கிண்ணமும் கேட்டாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு ஓரத்தில் சுருக்கென்று குத்தியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் குழந்தையைப் பார்க்க வந்த மருத்துவச்சி என் தண்ணீர்க் கணக்கைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். தாய்க்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்க வேண்டும், பருப்பு, காய், தயிர் எல்லாம் சாப்பிட வேண்டும், குழந்தையை அடிக்கடி பால் குடிக்கவிட்டால்தான் பால் ஊறும் என்று விளக்கினாள். மாமியார் சொன்னதெல்லாம் வேதமில்லை என்று இந்த வயதில் புரிந்தது. அன்றே தெய்ஸேயிடம் மாணவியாகச் சேர்ந்தேன். பாஷை தெரியாவிட்டால் என்ன? கரண்டிக்கு ஏது பாஷை!

அந்தச் சூப்பின் பெயர் எஸோ கெலின். 'கெலின்' என்றால் மணப்பெண், மருமகள். எஸோ நிஜமாகவே வாழ்ந்தவள். 1909-ல் காசியான்டெப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தாள். இரண்டாம் கல்யாணம் ஆகி எல்லை தாண்டிச் சிரியாவுக்குப் போனவள், சொந்த ஊரையே நினைத்து ஏங்கி 1956-ல் அங்கேயே கண்மூடினாள். 1999-ல்தான் அவள் எச்சங்களைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். மாமியாருக்காக அவள் செய்த சூப் இது என்று ஜனங்கள் சொல்கிறார்கள். தெய்ஸேக்கும் காசியான்டெப்தான் பிறந்த ஊர். தூர தேசத்தில் வாழ்க்கைப்பட்ட என் மகளைப் பார்த்தபடி நான் இதைக் கேட்டேன்.

செய்முறை: மைசூர் பருப்பு ஒரு டம்ளர், அரிசி இரண்டு மேஜைக் கரண்டி, புல்குர் இரண்டு மேஜைக் கரண்டி. புல்குர் என்பது கோதுமையை வேகவைத்து, உலர்த்தி, உடைத்தது. நம் ஊரில் சம்பா கோதுமை ரவை போடலாம். வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, பூண்டு இரண்டு பல் வதக்கி, ஒரு மேஜைக் கரண்டி தக்காளி விழுது சேர்த்துப் பச்சை வாசனை போகக் கிளறுங்கள். கழுவிய பருப்பு, அரிசி, புல்குர், ஏழு டம்ளர் தண்ணீர், உப்பு சேர்த்து நன்றாகக் குழையவிடுங்கள். கடைசியில் சிறு வாணலியில் வெண்ணெய் உருக்கி, அடுப்பை அணைத்தபின் உலர்ந்த புதினாவும் கொஞ்சம் மிளகாய்த் தூளும் போட்டு மேலே ஊற்றுங்கள். எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிட வேண்டும்.

சுலபம்தானே என்கிறீர்களா? முதல் தடவை தண்ணீரைக் குறைத்துவிட்டேன். புல்குர் ஊதிப் பொங்கலாகிவிட்டது. இரண்டாம் தடவை புதினாவை அடுப்பு எரியும்போதே போட்டுக் கருக்கினேன். மூன்றாம் தடவை கை பழக்கத்தில் மஞ்சள் பொடி, பெருங்காயம், கடுகு! மாப்பிள்ளை குடித்துவிட்டு, "அத்தை, சாம்பார் பிரமாதம்" என்றார். நான்காம் தடவைதான் தேறினேன்.

நம் வடாம் மாதிரி அவர்களும் கோடையில் தக்காளி, மிளகாய் விழுதை மொட்டை மாடி வெயிலில் காயவைத்து வருஷத்துக்குச் சேமிக்கிறார்கள். தெய்ஸேயின் தங்கை காசியான்டெப்பிலிருந்து அனுப்பிய விழுதுதான் எங்கள் வீட்டுச் சூப்பிலும் விழுந்தது.

பிப்ரவரி 6-ம் தேதி. விடியற்காலை 4.17-க்குத் தென்கிழக்குத் துருக்கியில் பூமி அதிர்ந்தது. அதன் அளவு 7.8 என்றார்கள். துருக்கியில் மட்டும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். எங்கள் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எதிர்வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. தெய்ஸே டெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தார். தங்கையிடமிருந்து தகவல் இல்லை. அடுப்பு பற்றவைக்கவில்லை.

துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுபோவது அங்கேயும் உண்டு. நான் வேறெதுவும் யோசிக்கவில்லை. அவர் தங்கை அனுப்பிய விழுதையே போட்டுச் சூப் செய்து எடுத்துப் போனேன். வேண்டாமென்று கையசைத்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டினேன். நாலு கரண்டி குடித்தபின்தான் அவருக்கு அழுகையே வந்தது.

மூன்றாம் நாள் தங்கையின் குரல் கேட்டது. வீடு விரிந்துவிட்டது, கூடாரத்தில் இருக்கிறார்கள். சம்பந்தி வீட்டில் இரண்டு பேர் இல்லை.

அங்கேயும் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் கணக்கு உண்டு. அவ்வளவு துக்கத்திலும் நாற்பதாம் நாள் தெய்ஸே வந்தார். தண்ணீரில் நாற்பது கரண்டி எண்ணி விட்டுப் பேத்தியைக் குளிப்பாட்டினார். சாப்பிட உட்கார்ந்ததும் என் சூப்பை ருசி பார்த்து, "எலினே சாலிக்" என்றார். 'உங்கள் கைக்கு ஆரோக்கியம் உண்டாகட்டும்' என்று அர்த்தம். சமைத்தவளுக்கு அங்கே சொல்லும் நன்றி அது.

ஊர் திரும்பிய பிறகும் மாதம் இரண்டு தடவையாவது எங்கள் வீட்டில் எஸோ கெலின் உண்டு. நீங்களும் செய்து பாருங்கள். பெருங்காயம் மட்டும் வேண்டாம். உங்கள் கைக்கும் ஆரோக்கியம் உண்டாகட்டும்!