அழகர் உடுப்பு

சித்திரை பொறந்தா எங்க மேலூர்ப் பக்கம் வயக்காட்டுல பெருசா வேலை இருக்காது. வீட்டுக்காரி ஊசியும் நூலுமா திண்ணையில உட்கார்ந்துருவா.

இந்த வருஷம் பேரனுக்கு அழகர் உடுப்பு. பய சென்னையில இருக்கான், 9 வயசு. போன வருஷம் காய்ச்சல்ல கிடந்தப்ப, அவன் அழகருக்குத் தண்ணி பீய்ச்சுவான்னு இவ நேர்ந்துக்கிட்டா.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சித்திரா பௌர்ணமிக்குக் கள்ளழகர் வைகையில இறங்குறப்ப, நேர்ந்துக்கிட்டவங்க தலையில உருமாலும், ஜிகினா வச்ச உடுப்பும் போட்டு, தோல் பையில இருந்து தண்ணி பீய்ச்சுவாங்க. அந்த உடுப்புக்குப் பேர்போனது, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிர்ல திருமலை நாயக்கர் கட்டுன புதுமண்டபம். தூணுக்குத் தூண் தையல் மெஷின் ஓடுன இடம். இப்ப அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க.

அங்கேயே தைக்கக் குடுத்துரலாம்னேன். "நேர்ந்தது நான், நானே தைக்கிறேன்"னுட்டா. சிவப்புத் துணி, சரிகை, ஜிகினா மட்டும் வாங்கிட்டு வந்தேன். கண்ணாடி போட்டும் ஊசியில நூல் கோர்க்க முடியலை. அதுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவா.

நேத்து பார்த்தா, ஓரத்துல நாலு விரக்கடை துணியை உள்ளுக்கு மடிச்சுத் தச்சிருக்கா.

"எதுக்கு இம்புட்டு?"

"பய வளருவான்லங்க. நேர்த்தி மூணு வருஷத்துக்கு."

மகன்கிட்ட ஒரு வருஷம்னுதான் சொல்லியிருக்கோம். அவன் ஊருக்கு வந்தே 2 வருஷம் ஆச்சு. இதைப் படிச்சாவது தெரிஞ்சுக்கட்டும்.