அஞ்சாம் நம்பர் கூண்டு

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கிறேன். எண்ணூர் துறைமுகத்துல 5-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்திட்டாங்கன்னு டிவியில சொல்றாங்க. மறுநாள் அதுவே 6 ஆகுது. அப்போ புயல் இன்னும் பலமாயிடுச்சுன்னு அர்த்தமா?

என் கிளாஸ்ல கேட்டேன். எல்லாரும் ஆமான்னுதான் சொன்னாங்க. ஆனா அது இல்லை. 5, 6, 7 மூணுக்கும் புயலோட பலம் ஒண்ணுதான், பாதைதான் வேற. துறைமுகத்தைத் தன் இடது பக்கம் விட்டுட்டுப் புயல் கரையைக் கடக்கும்னா 5. வலது பக்கம் விட்டா 6. துறைமுகத்து மேலயோ, ரொம்பப் பக்கத்துலயோ கடந்தா 7. கடும் புயலா இருந்தா இதே மூணு பாதைக்கு 8, 9, 10. தூரக் கடலில் உருவாகிற ஆபத்துக்கு 1, 2. துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசும்னா 3. கடலில் இருக்கும் புயல் பிறகு இந்தப் பக்கம் வரலாம்னா 4. மொத்தம் 11 எண்கள். அந்த 11-ஐப் பத்தி கடைசியில சொல்றேன்.

"கூண்டு"ங்கிற பேருக்கும் காரணம் இருக்கு. பகல்ல கொடிமரத்துல உருளை, கூம்பு வடிவத்துல கூண்டுகளைத் தொங்கவிடுவாங்க. ராத்திரியில சிவப்பு, வெள்ளை விளக்குகள். யாருக்காக? கப்பல்காரங்களுக்காக. சென்னைக்குத் துறைமுகம் வர்றதுக்கு முன்னாடி, கப்பல்கள் திறந்த கடல்லதான் நங்கூரம் போட்டு நிக்கும். புயல் வருதுன்னா நங்கூரத்தை விட்டுட்டு ஆழ்கடலுக்கு ஓடுறதுதான் ஒரே வழி. கட்டின அலைத்தடுப்புச் சுவரையே 1881 நவம்பர் 12-ல வந்த புயல் உடைச்சுப் போட்டுச்சு. அப்படிப்பட்ட கடல்ல ஒரு கேப்டனுக்குப் புயலோட பலம் மட்டும் தெரிஞ்சா பத்தாது. அது எந்தப் பக்கமா போகுதுன்னும் தெரியணும்.

சரி, சாட்டிலைட் இல்லாத காலத்துல இடமா வலமான்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன்னு ஒருத்தர் இருந்தார். முன்னாள் கப்பல் கேப்டன். புயல்ல மாட்டின கப்பல்களோட பதிவேடுகளைச் சேகரிச்சு, ஒரே நேரத்துல எந்தக் கப்பலுக்கு எந்தத் திசையிலிருந்து காற்று அடிச்சதுன்னு வரைபடத்துல குறிச்சார். அம்புக்குறிகள் எல்லாம் ஒரு சுழலைக் காட்டின. "சைக்ளோன்"ங்கிற வார்த்தையைப் புயலுக்கு வெச்சவர் அவர்தான். பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. 1848-ல வந்த அவரோட மாலுமிகளுக்கான புத்தகத்துல, கொம்பைச் சீவிச் செஞ்ச கண்ணாடி மாதிரியான ஒரு அட்டை இருக்கும். அதுல காற்றோட வட்டங்கள். அதை வரைபடத்து மேல வெச்சு நகர்த்தினா, உங்க கப்பலுக்குப் புயலோட மையம் எந்தப் பக்கம்னு தெரியும். நாம ட்ராயிங் ஷீட் மேல செட் ஸ்கொயர் வெச்சு நகர்த்தற மாதிரிதான்.

நம்ம பக்கத்துல புயல் கடிகாரத்துக்கு எதிரா சுத்தும். அதனால காற்று வர்ற திசையைப் பார்த்து நின்னா, மையம் உங்க வலது கைப்பக்கம், கொஞ்சம் பின்னால இருக்கும். புயல் நமக்கு வடக்கே கடந்தா, காற்று வடக்கிலிருந்து வடமேற்கு, அப்புறம் மேற்குன்னு மாறும். தெற்கே கடந்தா, வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்குன்னு மாறும். திசை மாறாம, காற்றழுத்தம் மட்டும் இறங்கிக்கிட்டே இருந்தா, புயல் நேரா நம்மை நோக்கி வருது. இப்போ 5, 6, 7-ஐ திரும்பப் படிங்க. மூணும் இதேதான்! 2016 டிசம்பர் 12, வர்தா அன்னிக்கு காற்று திடீர்னு ஓய்ஞ்சு, அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிச்சது ஞாபகம் இருக்கா? அது மையம் நம்மைக் கடந்த நேரம்.

கப்பல்கள் இப்பவும் இந்த வேலையைச் செய்யுது. உலக வானிலை அமைப்போட திட்டத்துல விருப்பப்பட்டுச் சேர்ந்த கப்பல்கள், நம்ம நேரப்படி காலை 5:30, 11:30, மாலை 5:30, இரவு 11:30-க்கு அளந்து அனுப்பும். எல்லாமே ஐந்து இலக்க எண்கள். உதாரணத்துக்கு 99131 10808 40012-ன்னு வந்தா, வடக்கு அட்சம் 13.1, கிழக்கு தீர்க்கம் 80.8, காற்றழுத்தம் 1001.2 மில்லிபார். அதாவது எண்ணூருக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர்ல ஒருத்தர் ஆடுற கப்பல்ல நின்னு பாரோமீட்டரைப் படிச்சிருக்கார். புயலைச் சந்திக்கிற கப்பல் மத்த கப்பல்களுக்கும் கரைக்கும் தகவல் சொல்லியே ஆகணும்ங்கறது சர்வதேச விதி.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. எச்சரிக்கை எவ்வளவு நல்லா இருக்கோ, அவ்வளவு கப்பல்கள் புயலை விட்டு விலகிப் போயிடும். அப்போ மையத்துக்குப் பக்கத்துல அளக்க ஆளே இருக்காது. சாட்டிலைட் மேகத்தைக் காட்டும், ஆனா கடல் மட்டத்துல அழுத்தம் எவ்வளவுன்னு நேரடியா அளக்காது. அந்த இடத்தை நிரப்பத்தான் பள்ளிக்கரணையில இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடல்ல மிதவைகளை நிறுத்தியிருக்கு. மிதவையைச் சுத்தி மீன் கூடும். மீன் இருந்தா படகு வரும். கயிறோ கருவியோ சேதமானா அங்கிருந்து வர்ற தகவல் நின்னுடும். கரையில சென்னைத் துறைமுகத்தோட நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில டாப்ளர் ரேடார் இருக்கு. பீச் ஸ்டேஷன் பக்கம் போனா நிமிர்ந்து பாருங்க.

நான் திருவொற்றியூர்க்காரன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் நம்மைத் தன் இடது பக்கம் விட்டுட்டு வடக்கே போய், 5-ஆம் தேதி ஆந்திராவுல பாபட்லா பக்கம் கரையைக் கடந்தது. "நமக்கு இல்லப்பா, ஆந்திராவுக்குத்தான்"னு எங்க தெருவுல நிம்மதியா பேசிக்கிட்டாங்க. ஆனா அது நம்ம கரையை ஒட்டி மெதுவா நகர்ந்து கொட்டித் தீர்த்தது. வீட்டுக்குள்ள தண்ணி. எண்ணூர் கழிமுகத்துல வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து படகு, வலையெல்லாம் கறுப்பாச்சு. புயல் நம்மைத் தொடாம போச்சுன்னு இதுக்கப்புறம் யாராவது சொல்ல முடியுமா?

கூண்டு பொய் சொல்லல. அது கேப்டனுக்காக எழுதின செய்தி. காற்றைச் சொல்லும், பாதையைச் சொல்லும். மழையையோ, உங்க தெருவுல தண்ணி எவ்வளவு நிக்கும்ங்கறதையோ சொல்லாது. அதுக்கு மழை எச்சரிக்கையைத் தனியா பாருங்க. எண் ஏறலைன்னு அம்மாவைத் தரைத்தளத்துலயே தூங்க விட்டுடாதீங்க.

இன்னொண்ணும் செய்யலாம். நிறைய போன்கள்ல அழுத்த சென்சார் இருக்கு. நம்ம ஊர்ல காற்றழுத்தம் தினமும் ரெண்டு தடவை ஏறி இறங்கும். காலை 10 மணிக்கு உச்சி, மாலை 4 மணிக்கு அடி. அதனால காலையையும் மாலையையும் ஒப்பிட்டுப் பயப்படாதீங்க. நேத்து இதே மணிக்கு எவ்வளவுன்னு பாருங்க. அந்த நேரத்துக்கு வழக்கமா இருக்க வேண்டியதைவிட 3 மில்லிபார் குறைஞ்சா சந்தேகம், 5 குறைஞ்சா புயல்ங்கறது மாலுமிகளோட பழைய கணக்கு.

இப்போ அந்த 11. அது 10-ஐ விடப் பெரிய புயலுக்கு இல்லை. புயல் எச்சரிக்கை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சுங்கறதுக்கு. கடல்ல நடக்கிற எதுவும் தெரியாத நிலைமைக்குத்தான் கடைசி எண்ணைக் கொடுத்திருக்காங்க.