ரெட்டை அடித்திருக்க வேண்டுமா?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கேரம் பிடிக்காதவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நம் குழுவில் போன வாரம் ஒரு கேரம் போர்டின் படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். போட்டவன் என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவன். பெயர் வேண்டாம். பள்ளிகளுக்கு இடையே நடந்த ஒரு போட்டியில் அவன் மகள் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றிருக்கிறாள். "சான்ஸ் இருந்தும் ரெட்டை அடிக்கவில்லை. காயைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டாள், பயந்தாங்கொள்ளி" என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தான். பத்துப் பன்னிரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள். அன்றிலிருந்து அந்தக் குழந்தை ஸ்ட்ரைக்கரைத் தொடவில்லையாம். அவள் அம்மா எனக்குத் தனியாகப் போன் செய்து சொன்னாள், ஆட்டத்தின் வீடியோவையும் அனுப்பினாள். நான்கு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். அவள் அடிப்பதற்குச் சற்று முன் எடுத்தது. மூன்றாவது கேம். அவள் 20 புள்ளி, எதிராளி 24. ஒரு கேமுக்கு 25 என்பது தெரியும். எதிராளிக்கு ஒரே ஒரு புள்ளி போதும், அதாவது இந்த போர்டை எப்படி முடித்தாலும் கோப்பை அவளுக்கு. நம் பெண்ணுக்கோ ஐந்து வேண்டும். போர்டில் எதிராளியின் வெள்ளை இரண்டு, நம் பெண்ணின் கறுப்பு இரண்டு, ரெட். நம் பெண் முடித்தால் வெள்ளைக்கு இரண்டு, ரெட்டுக்கு மூன்று, சரியாக ஐந்து. 22 புள்ளியைத் தொட்டவருக்கு ரெட்டின் மூன்று கிடையாது. ஆனாலும் ரெட் போர்டில் இருக்கும்வரை எதிராளியும் கடைசிக் காயைப் போட்டு முடிக்க முடியாது. ஆக, இருவருக்கும் ரெட் வேண்டும்.

இப்போது காய்கள் எங்கே என்று பார்ப்போம். ரெட், நம் பெண்ணின் வலது கைப்பக்கம், சட்டத்தை ஒட்டினாற்போல, அவள் பக்கத்து வலது குழியிலிருந்து ஒரு சாண் தூரத்தில். எதிரே உட்கார்ந்தவளுக்கு அது கிட்டத்தட்ட நேர் அடி. நடுவில் தடை எதுவும் இல்லை. வெள்ளை ஒன்று போர்டின் நடுவில், இன்னொன்று நம் பெண்ணின் இடது குழி வாயில். எதிராளிக்கு ரெட், ஃபாலோ, கடைசிக் காய் என்று மூன்றும் திறந்து கிடக்கின்றன. நம் பெண்ணின் கறுப்பில் ஒன்று ரெட்டுக்குப் பக்கத்தில், கோட்டுக்குச் சற்று மேலே. இன்னொன்றுதான் வினை: எதிர்ப் பக்கத்துச் சட்டத்தின் நடுவில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

தம்பி, நீ சொல்கிற ரெட்டை எடுத்துக்கொள்வோம். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அது நேர் அடி இல்லை. கோட்டின் வலது ஓரத்தில் ஸ்ட்ரைக்கரை வைத்துக் கட் அடிக்க வேண்டும். ரெட் சட்டத்தை உரசாமல் ஒன்றரை அடிக்கும் மேல் ஓடி எதிர் மூலைக் குழியில் விழ வேண்டும். நன்றாக ஆடும் பிள்ளை பத்துக்கு ஐந்து போடும் என்று வைத்துக்கொள். விழுந்தால் உடனே ஃபாலோ. பக்கத்துக் கறுப்பைக் குறுக்கே எதிர் இடது குழிக்கு அனுப்ப வேண்டும். பத்துக்கு ஆறு. அதன்பிறகு சட்டத்தில் ஒட்டிய காய். அதைப் பத்துக்கு நான்கு போட்டால் பெரிய விஷயம். நான் உனக்கு நடத்திய நிகழ்தகவுதான்: பாதியை ஆறு பத்தாலும், வந்ததை நான்கு பத்தாலும் பெருக்கிப் பார். நூற்றுக்குப் பன்னிரண்டு. மீதி எண்பத்தெட்டில் எங்கே தவறினாலும் வெள்ளை இரண்டும் திறந்தபடியே எதிராளி கைக்குப் போகிறது.

இந்த எண்கள் என் கண் மதிப்புதான். நீ கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள். ஆறு, ஏழு, ஐந்து என்றே வை. அப்போதும் நூற்றுக்கு இருபத்தொன்றுதான் வருகிறது.

பக்கத்துக் கறுப்பை முதலில் போட்டிருக்கலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். போடலாம். போட்டபின் ரெட்டுக்கு ஃபாலோவாக மிஞ்சுவது அந்தச் சட்டத்துக் காய்தான். தடுப்பதற்கும் ஒரு காய் இல்லாமல் போகும். இருப்பதிலேயே மோசமான வழி அதுதான், பார்க்க மட்டும் தைரியமாக இருக்கும்.

அவள் செய்தது என்ன? பக்கத்துக் கறுப்பை மெதுவாக மேலே தள்ளி, ரெட்டுக்கும் எதிராளியின் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவில் நிறுத்தினாள். வீடியோவில் அவள் விரலைப் பாருங்கள். முக்கால் சாண் தூரம் உருண்டு நிற்கும் அளவுக்குத்தான் தட்டுகிறாள். ஓங்கி அடிப்பதைவிட இது கடினம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். கேரமில் இப்படித் தடுப்பதில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. எதிராளி கை தவறி நம் காயைக் குழியில் தள்ளிவிட்டால் அது நமக்குத்தான் சேரும், அவள் முறையும் போய்விடும். அவள் கறுப்பை விலக்க ஒரு முறையைச் செலவழித்தால், நம் பெண்ணுக்கு இன்னொரு வாய்ப்பு. அந்த வாய்ப்பில் சட்டத்துக் காயை வெளியே எடுத்துவிட்டால் போர்டே வேறு.

தள்ளிவிடுவதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஏதோ ஒரு காயைத் தொட்டுவிட்டு முறையைக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஆசிரியர் பயிற்சி விடுதியில் நாங்கள் ராத்திரி ராத்திரியாக ஆடிய காலத்தில் அதற்குச் 'சாமி கும்பிடுவது' என்று பெயர் வைத்திருந்தோம். சட்டத்தில் ஒட்டிய அந்த ஒரு கறுப்பு நடுவில் கிடந்திருந்தால் நானும் ரெட்டைத்தான் அடிக்கச் சொல்லியிருப்பேன். அவள் ஆட்டத்தில் குறை சொல்லியே ஆகவேண்டும் என்றால் ஒன்று சொல்லலாம்: கறுப்பை இன்னும் ஒரு விரற்கடை வலப்பக்கம் நிறுத்தியிருக்கலாம். சட்டத்துக்கும் அதற்கும் இடையே ஒரு காய் புகும் இடம் இருந்தது.

அந்த இடத்தைத்தான் எதிராளி பார்த்தாள். ஸ்ட்ரைக்கரை நம் பெண் பக்கத்துச் சட்டத்தில் மோதவிட்டு, திரும்பி வருகிற வேகத்தில் ரெட்டைக் கீழிருந்து தட்டி, அந்தச் சந்து வழியாகத் தன் பக்கத்து மூலைக்கே ஏற்றிவிட்டாள். ரீபவுண்டில் அப்படி ஓர் அடியை நான் நேரில் ஐந்தாறு முறைதான் பார்த்திருப்பேன். பிறகு ஃபாலோ, கடைசிக் காய், முடிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கை தட்ட வேண்டிய இடத்தில் நம் பெண்ணைத் திட்டியிருக்கிறோம்.

பேரன் ஒருநாள் யூடியூபில் பூல் ஆட்டம் ஒன்றைக் காட்டினான். 1995-இல் அமெரிக்காவின் ரெனோ நகரில் நடந்தது. எர்ல் ஸ்ட்ரிக்லண்ட் என்ற பெரிய ஆட்டக்காரர், பந்தை எதிராளி நேராக அடிக்க முடியாதபடி மறைத்து வைக்கிறார். பிலிப்பைன்ஸ்காரர் எஃப்ரன் ரேயஸ் வெள்ளைப் பந்தை இரண்டு பக்க ஓரங்களில் மோதவிட்டு, மறைந்திருந்த பந்தைக் குழியிலேயே போட்டுவிடுகிறார். பார்த்தவர்கள் இன்றைக்கும் ரேயஸைத்தான் புகழ்கிறார்கள். ஸ்ட்ரிக்லண்ட் பயந்துவிட்டார் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த மேசையில் மறைத்து வைப்பதற்கு 'சேஃப்டி' என்று மரியாதையான பெயரே இருக்கிறது. நம் ஊட்டி கிளப்பில் விதிகள் உருவான ஸ்னூக்கரில் பாதி ஆட்டமே பந்தை மறைப்பதுதான். கேரமில் மட்டும் அதைக் கோழைத்தனம் என்கிறோம். திண்ணையில் ஆடும்போது சுற்றி நிற்பவர்கள் "போடு, போடு" என்று கத்துகிற பழக்கம் அது.

இது ஒன்றும் சின்ன ஆட்டம் இல்லை, தம்பி. நம் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியன், 1996-இல் அர்ஜுனா விருது வாங்கியவர். 2024-இல் சென்னையின் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா அமெரிக்காவுக்குப் போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் கொண்டுவந்தாள். உன் மகள் அங்கே போவாளா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் 24-க்கு 20 என்று இருக்கும்போது, கூட்டம் கத்தும்போது, பதினைந்து வயதில் அந்தக் காயை அவ்வளவு மெதுவாகத் தட்டுகிற கை எல்லோருக்கும் வராது. குழுவில் போட்டதை எடுத்துவிடு. எடுத்துவிட்டு, ஏன் அப்படி ஆடினாய் என்று அவளிடமே கேள். நான் மேலே எழுதியதைவிட நன்றாகச் சொல்வாள்.

அவளுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், அம்மா கையில் கொடுத்து அனுப்பு. ரெட்டைப் படத்தில் உள்ள இடத்தில் வைக்கட்டும். சட்டத்துக்கும் தடுப்புக் காய்க்கும் நடுவே காய் புகாத இடம் எதுவோ, அங்கே பென்சிலால் லேசாக ஒரு புள்ளி. கறுப்பைக் கோட்டுக்கு மேலே வைத்து, அந்தப் புள்ளிக்கு மெதுவாகத் தள்ள வேண்டும். தினம் இருபது முறை. எத்தனை முறை புள்ளியில் நின்றது என்று ஒரு நோட்டில் குறிக்கட்டும். பவுடரை அதிகம் தூவ வேண்டாம், காய் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல். எதிர்ப் பக்கம் நான் உட்காருகிறேன்.