திருகோணமலைக் கடலில் திமிங்கிலம்

ஆண்டிபட்டியிலிருந்து எந்தப் பக்கம் நோக்கினாலும் மலைதான் தெரியும். 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையைப் பார்த்துச் சமுத்திரத்தை ஊகித்துக்கொள்ள வேண்டிய ஊர் அது. அங்கிருந்து திமிங்கிலம் பார்க்கப் புறப்படுகிறோம் என்றதும், "தூத்துக்குடியில் கிடைக்காத மீனா?" என்று கேலி செய்தார்கள். திமிங்கிலம் மீனன்று, மூச்சு விட மேலே வருவது, குட்டிக்குப் பாலூட்டுவது. 2016 ஜனவரியில் மணப்பாட்டுக் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட சிறு திமிங்கிலங்கள் ஒதுங்கிப் பல மாண்டன. அந்தக் கோலத்தில் பார்க்க எங்களுக்கு விருப்பமில்லை.

மதுரையிலிருந்து விமானம்; கொழும்பிலிருந்து இரவு ரயில். வைகாசி மாதத்து விடியற்காலையில் உப்புவெளிக் கரையில் வள்ளம் ஏறினோம். (படகை அங்கே வள்ளம் என்றுதான் சொல்கிறார்கள்.) எங்களுடன் வந்த அத்தை கோணேசர் கோயில் இருந்த திசையை நோக்கிக் கைகூப்பிவிட்டே உட்கார்ந்தார்.

அக்கோயில் நிற்கும் சுவாமி மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. நீருக்கடியிலும் அப்படியே பெரும் பள்ளத்தாக்கு. சில மைல்களுக்குள் ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடும். ஆகையால் நடுச்சமுத்திரத்துப் பிராணி இங்கே கரையோரம் வருகிறது. 1983-ல் 'டூலிப்' என்ற பாய்க்கப்பலில் வேறு இனத் திமிங்கிலங்களைத் தேடி வந்த விஞ்ஞானிகள் இங்கே நீலத் திமிங்கிலங்களைக் கண்டார்கள். அவ்வாண்டே மூண்ட உள்நாட்டுப் போர் 2009 வரை நீடித்தது. மீனவரே அஞ்சி இறங்கிய கடலில் வேடிக்கை பார்க்க யார் போவார்கள்?

இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. வெயிலும் உப்புத் தண்ணீரும்தான். திடீரென்று தொலைவில் வெண்புகைபோல் ஒரு நீர்த்தூண் எழுந்தது. மற்ற வள்ளங்கள் அதை நோக்கிப் பாய்ந்தன. எங்கள் வள்ளக்காரரோ இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"என்ன அண்ணே, நாமும் போகலாமே!" என்றோம்.

"துரத்தினால் அது தாழ்ந்திடும் ஐயா. கொஞ்சம் பொறுங்கோ, தானாக வரும்" என்றார்.

காசு கொடுத்தவர்களுக்கு இது கசக்கத்தான் செய்தது. ஆனால் இவ்வினம் துரத்தப்பட்ட கதையை நினைத்துப் பாருங்கள். 1960-களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களை இரகசியமாகக் கொன்றன. 1979-ல்தான் இச்சமுத்திரம் அவற்றின் சரணாலயமென்று அறிவிக்கப்பட்டது. மற்ற சமுத்திரங்களின் நீலத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் இரை தேடித் துருவக் கடலுக்குப் போகும். இலங்கைக் கடலில் உள்ளவையோ வருஷம் முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்குகின்றன என்பதை ஆஷா டி வோஸ் என்ற இலங்கை விஞ்ஞானி எடுத்துக் காட்டியிருக்கிறார். இங்கிருந்து விரட்டினால் அவை எங்கே போகும்?

கால் மணி சென்றது. வலப்புறம் பெருமூச்சு ஒன்று கேட்டது. உலைக்களத்துத் துருத்தி ஊதுவது போன்ற சப்தம். சாம்பல் கலந்த நீல முதுகு நீருக்கு மேல் தோன்றி, நகர்ந்து, நகர்ந்து, முடியாமலே நீண்டது. எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. நான்கு முறை மூச்சு விட்டபின் முதுகு வளைந்தது. அகன்ற வால் நீர் சொட்ட உயர்ந்து, சிறு ஓசையுமின்றி உள்ளே இறங்கியது. அவ்விடத்தில் எண்ணெய் தடவியதுபோல் வட்டமாகத் தண்ணீர் வழுவழுத்துக் கிடந்தது.

"மறுபடியும் வருமா தம்பி?" என்று அத்தை மெல்லக் கேட்டார்.

"பத்து நிமிஷம் இருந்து பார்ப்பம் அம்மா. வராவிட்டால் கரைக்குத்தான்; காற்று எழும்புது."

அது வரவில்லை. வள்ளம் திரும்பியது.