தலை தட்டிய அரை ஸ்பூன்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நான் தமிழாக்கிக் கொடுத்த நோட்டீஸில் ஒரு பிழை இருந்தது. அச்சில் நேர்ந்த பிழை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அது என் பிழை. நேற்று வரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தன்னார்வ மொழிபெயர்ப்புக்கு நான் வந்தது நல்ல ஆசையோடுதான். 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உதவி கேட்டு மக்கள் தங்கள் கிரியோல் மொழியில் குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். மீட்புக்கு வந்த அயல்நாட்டவருக்கு அந்த மொழி தெரியாது. வெளிநாடுகளில் இருந்த ஹெய்ட்டிக்காரர்கள் பலர் கணினி முன் உட்கார்ந்து அந்தச் செய்திகளை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கும் அப்படி ஒரு வேலை செய்யவேண்டும் என்று இருந்தது. என் பிழைப்பே மொழிபெயர்ப்புதான். கொடுக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

ஏறக்குறைய ஆறு வருடம் கழித்து என் ஊருக்கே அந்த நாள் வந்தது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை உடைத்துக்கொண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் அடுத்த பயம் வயிற்றுப்போக்கு. குடிதண்ணீரில் சாக்கடை கலந்த இடங்களில் முதலில் துவண்டு போவது குழந்தைகள்தான். ஓஆர்எஸ் பாக்கெட் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே உப்பு சர்க்கரைத் தண்ணீர் கரைப்பது எப்படி என்று ஒரு பக்க ஆங்கில நோட்டீஸ் என் கைக்கு வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குள் தமிழில் வேண்டும் என்றார்கள்.

அன்று இரவு எதற்கு எவ்வளவு நேரம் செலவழித்தேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது. தலைப்பில் இருந்த ஓஆர்எஸ் என்ற எழுத்துகளுக்கு நல்ல தமிழ்ச் சொல் தேடி ஒரு மணி நேரம் அகராதிகளைப் புரட்டினேன். ‘வாய்வழி நீரேற்றக் கரைசல்’ என்று எழுதி முடித்தபோது மனம் நிறைந்தது. அதற்குக் கீழே அளவு இருந்தது: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு லெவல் டீஸ்பூன் சர்க்கரை, அரை லெவல் டீஸ்பூன் உப்பு. அந்த லெவல் என்ற சொல்லில் தட்டுப்பட்டு நின்றேன். ‘மட்டமான கரண்டி’ என்று எழுதினால் மலிவான கரண்டி என்று ஆகிவிடும். ‘சமமான’ என்று போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அந்தச் சொல்லையே எடுத்துவிட்டேன். ‘அரைத் தேக்கரண்டி உப்பு.’ வரி அழகாக இருந்தது.

அந்த நிறுவனத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மொழிபெயர்ப்போடு ஒரு படிவமும் அனுப்ப வேண்டும். அதில் கடைசிக் கேள்வி: ‘இதைப் பயன்படுத்தப்போகும் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னீர்களா?’ காலை ஏழரை மணி. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா சமையலறையில்தான் இருந்தார். அவர் வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்திருந்தது. என் மேஜையிலிருந்து எழுந்து பத்து அடி நடந்திருந்தால் போதும். நான் எழவில்லை. ‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பிவிட்டேன்.

அன்றே பாராட்டு வந்தது. தமிழ் அழகாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். பாராட்டிய எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் அந்த நோட்டீஸ் தேவைப்படவில்லை.

நான்கைந்து நாள் கழித்து, வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குத் துணிமணி கொடுக்கப் போயிருந்தேன். ஒரு வகுப்பறை மூலையில் ஒரு பாட்டி பேரப்பிள்ளையை மடியில் கிடத்தியிருந்தார். பையனுக்கு இரண்டு வயதுகூட இருக்காது. பக்கத்தில் எட்டாவது படிக்கும் பேத்தி என் நோட்டீஸை வாசித்துக்கொண்டிருந்தாள். ‘வாய்வழி’ வரை வந்து, அடுத்த சொல்லில் திணறி, தலைப்பை விட்டுவிட்டுக் கீழே போனாள். ‘அரைத் தேக்கரண்டி உப்பு.’ பாட்டி நிவாரணப் பையில் வந்த எவர்சில்வர் ஸ்பூனை உப்புக்குள் விட்டு கோபுரமாக அள்ளினார். பிறகு கையை லேசாக உதறினார். பாதி என்று அவர் கண்ணுக்குப் பட்ட அளவில் நிறுத்தினார். ஸ்பூனில் மிச்சம் இருந்தது, விளிம்பு வரை நிறைந்த முழு ஸ்பூன். அதைச் சொம்புத் தண்ணீரில் கலக்கினார்.

அந்த நேரத்தில் முகாம் நர்ஸ் அந்தப் பக்கம் வந்தது எங்கள் எல்லோருடைய நல்ல காலம். சொம்பில் இருந்ததை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உடனே வாசலுக்குப் போய் ஊற்றிவிட்டு வந்தார்.

“கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது பாட்டி. உப்பு ஏறிப்போனா குழந்தைக்கு வலிப்பு வந்துடும். அரை ஸ்பூன்னா தலை தட்டி அரை ஸ்பூன்.”

“தலை தட்டின்னு அதுல போட்டிருந்தா நான் ஏம்மா அப்படி அள்ளப் போறேன்?” என்றார் பாட்டி. “நான் படி வெச்சு அரிசி அளந்தவ.”

தலை தட்டி. என் வீட்டில் அம்மா அரிசிப் பானைக்குப் பக்கத்தில் நின்று நூறு தடவை சொன்ன சொல். கடையில் படியால் அளக்கும்போது கோபுரமா, தலை தட்டியா என்று சண்டையே நடக்கும். அகராதியில் ஒரு மணி நேரம் தேடிய எனக்கு அந்தச் சொல் ஏன் வரவில்லை? அடுப்படிச் சொல்லை அச்சில் ஏறத் தகுந்ததாக நான் நினைக்கவே இல்லை. அந்தப் பாட்டியின் மொழியில் எழுத உட்கார்ந்தவன், அவர் பேசும் மொழியை வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

இதுவரை சொன்னது கவனக்குறைவு. இனிச் சொல்வதுதான் குற்றம். அன்று மாலை நிறுவனத்துக்கு போன் செய்து உடனே திருத்தச் சொன்னேன். எப்படி விட்டுப்போனது என்று கேட்டார்கள். “பக்கம் செய்யும்போது ஒரு சொல் விழுந்திருக்கிறது போல” என்றேன். வாயில் வந்துவிட்டது. பக்கம் வடிவமைத்த தம்பிக்கும் அவர்கள் சம்பளம் கொடுக்கவில்லை. என்னைப் போலவே இரவெல்லாம் உட்கார்ந்து செய்து கொடுத்தவர். அவரிடம் கோபமாகப் பேசியிருக்கிறார்கள். அடுத்த வேலைக்கு அவரைக் கூப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன்.

நான் அனுப்பிய கோப்பை யாராவது திறந்து பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். தமிழிலிருந்து இன்னொருவரை விட்டுத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி ஒப்பிட்டிருந்தால், அந்த ஒரு சொல் இல்லாதது முதல் பார்வையிலேயே பட்டிருக்கும். செய்யவில்லை. காசு வாங்காமல் செய்கிறவரை யாரும் சந்தேகப்படுவதில்லை. அந்த மரியாதைக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன். நோட்டீஸ் வாங்குகிறவரால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. அவருக்கு இருப்பது ஒரு மொழிதான். அவர் என்னை நம்பித்தான் ஆகவேண்டும்.

பிறகு இந்த உப்புத் தண்ணீரின் கதையைத் தேடிப் படித்தேன். 1971-ல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலநபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. 1980 முதல் பத்து வருடம் வங்கதேசத்தின் பிராக் அமைப்புப் பெண்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்து போய்த் தாய்மாருக்குக் கற்றுக் கொடுத்தார்கள்: மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாய் எவ்வளவு நினைவு வைத்திருந்து திருப்பிச் சொன்னாரோ, அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குக் கூலி. படிவத்தில் நான் டிக் போட்டுக் கடந்த அதே கேள்வி. அவர்கள் அதற்காகத் தெருத் தெருவாக நடந்திருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2002-ம் ஆண்டுக் கலவையில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம். அவ்வளவு நுணுக்கமான அளவு அது. வரி அழகாக வருவதற்காக நான் அதில் கை வைத்தேன்.

இப்போதும் தன்னார்வமாக மொழிபெயர்க்கிறேன். எதை முடித்தாலும் சமையலறைக்குப் போய் அக்காவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவர் திருப்பிச் சொல்லும் சொற்களை எழுதிக்கொண்டு வந்து என் சொற்களை அடிக்கிறேன். ஓஆர்எஸ்ஸை ஓஆர்எஸ் என்றே எழுதுகிறேன். இதனால் பழைய கணக்கு நேராகிவிடாது என்று தெரியும். குழந்தை தப்பியது நர்ஸின் நாக்கால். அதில் எனக்குப் பங்கில்லை.

நிறுவனத்துக்கு இன்று காலை எழுதிவிட்டேன். அந்தத் தம்பியின் எண் இப்போது யாரிடமும் இல்லையாம். ஒருவேளை இது அவர் கண்ணில் பட்டால்: தம்பி, அன்று உங்கள் கைக்கு வந்த கோப்பில் அந்தச் சொல் இருக்கவே இல்லை. நீங்கள் எதையும் விட்டுவிடவில்லை. என்னை மன்னியுங்கள்.