வீட்டில் தெரிந்த படம் கோவையில் தெரியவில்லை

திருத்துறைப்பூண்டி பக்கத்து விவசாயி ஒருவர், தை அறுவடையில் வந்த மாப்பிள்ளைச் சம்பாவை வியாபாரிக்குக் கொடுக்க மனமில்லாமல் வீட்டில் அடுக்கி வைத்திருந்தார். 160 நாள் வயலில் நின்ற பயிர். அதைச் சாதாரண நெல் விலைக்குக் கேட்டால் யாருக்குத்தான் மனசு வரும்? அரிசியாக்கி நேரடியாக விற்பது என்று முடிவு செய்து, சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கினார். தளத்தின் பெயருக்கு ஆண்டுக் கட்டணம், அதை வைக்கும் சர்வருக்கு ஆண்டு வாடகை, இரண்டும் கட்டியாயிற்று. பக்கங்களை ட்ரீம்வீவர் மென்பொருளில் அவரே உருவாக்கினார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் வேலை. ஒரு மாதம் ஆனது.

ஆர்டர் வரும் என்ற நம்பிக்கையில் ஐந்து மூட்டை நெல்லை முன்கூட்டியே அரைத்துவிட்டார். அது அவசரம்தான். தவிடு நீக்காத அரிசி அதிக நாள் தாங்காது; தவிட்டில் உள்ள எண்ணெய் கெட்டு சிக்கு வாடை அடிக்கும், வண்டும் விழும்.

சர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து, மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினார். பக்கம் போய்விட்டது. கோவையில் இருக்கும் மகளுக்கு போன் போட்டார்.

"அப்பா, எழுத்து வருது. படம் ஒண்ணும் வரலையே."

"இங்க நல்லாத் தெரியுதேம்மா!"

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அவர் பார்த்தது தன் கணினியில் இருந்த கோப்பை. மகள் பார்த்தது சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததை. நாற்றங்காலில் பச்சைப்பசேல் என்று நிற்பதைப் பார்த்துவிட்டு, நட்ட வயலும் அப்படித்தான் இருக்கும் என்று வரப்பிலேயே திரும்பிவிட்ட கதை.

படங்கள் எல்லாம் கேமராவிலிருந்து இறக்கிய வேறொரு ஃபோல்டரில் கிடந்தன. தளத்துக்கென்று ஒதுக்கிய ஃபோல்டருக்குள் அவை இல்லை. அதனால் பக்கத்தில் படத்தின் முகவரி 'சி' டிரைவில் தொடங்கியது. அது அவர் வீட்டு விலாசம். கோவையில் இருப்பவர் அங்கே எப்படி வருவார்? படங்களைத் தளத்தின் ஃபோல்டருக்குள் நகர்த்தி, பக்கத்தில் மறுபடி சேர்த்து அனுப்பினார். பக்கத்தோடு சேர்ந்த கோப்புகளையும் அனுப்பவா என்று மென்பொருள் கேட்டபோது இந்தத் தடவை 'ஆம்' கொடுத்தார். முதல் தடவை, கேள்வி புரியாததால் 'இல்லை' கொடுத்திருந்தாராம். புரியாத கேள்விக்கு 'இல்லை' சொல்வது நம்மிடம் பழைய வழக்கம்.

அப்படியும் இரண்டு படம் வரவில்லை. கேமரா அந்தக் கோப்புகளின் பெயர்க் கடைசியில் 'ஜேபிஜி' என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் வைத்திருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. விண்டோஸ் இதைப் பொருட்படுத்தாது. பெரும்பாலான சர்வர்களில் ஓடும் லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். இதைக் கண்டுபிடிக்க மட்டும் நான்கு நாள் போனது. அரிசி மூட்டையைத் தினமும் ஒரு தடவை பிரித்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாப் பெயரையும் சின்ன எழுத்துக்கு மாற்றி அனுப்பிய அன்று, மகள் தன் போனில் பார்த்தாள். பக்கத்து வீட்டார் போனிலும் பார்க்கச் சொன்னார், பார்த்தாள்.

"படமெல்லாம் வந்துடுச்சுப்பா. அரிசி அழகா இருக்கு. கிலோ என்ன விலைன்னு எங்க போட்டிருக்கீங்க?"

விலையே போடவில்லை. கணினி முன் மறுபடி உட்கார்ந்தார்.